புது அணிகள் மீது ஒரு பழைய பழி: பேஸ்பால் லீக் விரிவாக்கமும் திறன் சமநிலையும்

1961 அக்டோபர் 1 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில், பாஸ்டன் அணியின் டிரேசி ஸ்டாலர்ட் வீசிய பந்தை ரோஜர் மாரிஸ் வலப்பக்க இருக்கைகளுக்குள் தூக்கி அடித்தார். அந்தப் பருவத்தில் அது அவருடைய 61ஆவது ஹோம் ரன். 1927இல் பேப் ரூத் அடித்த 60 ஹோம் ரன் என்ற சாதனை 34 ஆண்டுகளாக யாராலும் எட்டப்படாமல் இருந்தது. அது முறிந்த அன்று அரங்கில் இருந்தவர்கள் 23,154 பேர்தான். பாதிக்கு மேற்பட்ட இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

அந்தச் சாதனையைப் பலர் மனமார ஏற்கவில்லை. பருவத்துக்கு 154 ஆட்டங்கள் என்றிருந்தது, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அந்த ஆண்டு 162 ஆனது ஒரு காரணம். 154 ஆட்டங்களுக்குள் முறியடிக்காவிட்டால் அதைத் தனியாகப் பதிய வேண்டும் என்று ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் ஜூலையிலேயே அறிவித்திருந்தார். இன்னொரு காரணம், லீக்கில் அந்த ஆண்டு சேர்ந்த இரண்டு புதிய அணிகள்: லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ், வாஷிங்டன் செனட்டர்ஸ். மைனர் லீக்கில் இருந்திருக்க வேண்டிய பந்துவீச்சாளர்கள் மேஜர் லீக்கில் வீசினார்கள், மாரிஸ் அவர்களை வெளுத்து வாங்கினார், சாதனையின் மதிப்பு அவ்வளவுதான் என்ற பேச்சு அப்போது தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. 1969, 1977, 1993, 1998 என்று லீக் விரிந்த ஒவ்வொரு முறையும் அதே குற்றச்சாட்டு திரும்ப வந்தது.

கணக்கைப் பார்ப்போம். அந்த ஆண்டு மாரிஸின் யாங்கீஸ் அணி ஒவ்வோர் எதிரணியோடும் 18 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. புதிய அணிகள் இரண்டும் சேர்ந்தால் 36 ஆட்டங்கள், மொத்தத்தில் 22 விழுக்காடு. மாரிஸ் செனட்டர்ஸுக்கு எதிராக 9, ஏஞ்சல்ஸுக்கு எதிராக 4 என 13 ஹோம் ரன்கள் அடித்தார். 61இல் 13 என்றால் 21 விழுக்காடு. ஆட்டங்களின் பங்கைவிட இது ஒரு புள்ளி குறைவு. லீக் தொடங்கிய 1901 முதல் ஆடிவரும் சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற ஒரே அணிக்கு எதிராக மட்டும் அவர் அடித்தது 13. இளப்பமான புதுப் பந்துவீச்சாளர்கள் சாதனையைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்ற கதை அந்த ஆண்டின் ஆட்டப் பட்டியலோடு பொருந்தவில்லை.

ஆனால் மாரிஸ் மீதான பழி தவறு என்பதால், விரிவாக்கத்துக்கு விளைவே இல்லை என்றாகிவிடாது. விளைவு உண்டு. ரசிகர்கள் அதைத் தேடிய இடம்தான் வேறு.

ரன் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

லீக் விரிந்தால் பந்துவீச்சு நீர்த்துப்போகும், அதனால் ரன் பெருகும் என்பது நெடுநாள் நம்பிக்கை. இதில் அடிப்படையிலேயே ஒரு குறை இருக்கிறது. அன்று புதிய அணிக்குப் பத்துப் பந்துவீச்சாளர்கள் தேவைப்பட்டதுபோலப் பதினைந்து மட்டையாளர்களும் தேவைப்பட்டார்கள். கீழிருந்து மேலே வருபவர்கள் இரு பக்கத்திலும் வருகிறார்கள். பந்துவீச்சும் மட்டைவீச்சும் ஒரே அளவில் நீர்த்தால் சராசரி பெரிதாக நகர வேண்டியதில்லை.

ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரி ரன்னை எடுத்துக்கொள்வோம். விரிந்த அமெரிக்கன் லீக்கில் அது 1960இல் 4.39, 1961இல் 4.53. அதே ஆண்டு எட்டு அணிகளோடு அப்படியே இருந்த நேஷனல் லீக்கில் 4.24இலிருந்து 4.52க்குப் போனது. விரியாத லீக்கில்தான் ஏற்றம் அதிகம். அடுத்த ஆண்டு நேஷனல் லீக் தானும் இரண்டு அணிகளைச் சேர்த்தது, சராசரி 4.48க்கு இறங்கியது. ஒரே அடியில் வேலைகள் 25 விழுக்காடு கூடிய ஆண்டுகள் அவை. பேஸ்பாலின் நவீன வரலாற்றில் விகிதக் கணக்கில் அதைவிடப் பெரிய விரிவாக்கம் நடந்ததில்லை.

1969இல் நான்கு அணிகள் சேர்ந்தன; சராசரி 3.42இலிருந்து 4.07க்குத் தாவியது. ஆனால் அதே ஆண்டில்தான் பந்துவீச்சாளர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். செல்லுபடியாகும் பந்துக்கான பரப்பையும் சுருக்கினார்கள். முந்தைய ஆண்டு பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ரன் என்ற கணக்கில் வீசி மட்டையாளர்களைத் திணறடித்ததும், அமெரிக்கன் லீக்கின் தலைசிறந்த மட்டைச் சராசரியே .301 என்று ஆனதும்தான் அந்த மாற்றங்களுக்குத் தூண்டுகோல். 1977இல் இரண்டு அணிகள் சேர்ந்தபோது சராசரி 3.99இலிருந்து 4.47 ஆனது. அந்த ஆண்டில் பந்து தயாரிக்கும் நிறுவனமே மாறியது. ஸ்பால்டிங் போய் ராலிங்ஸ் வந்தது.

1993இல் கொலராடோ ராக்கீஸும் ஃபுளோரிடா மார்லின்ஸும் வந்தன. 4.12 ஆக இருந்த சராசரி 4.60 ஆனது. ராக்கீஸ் ஆடிய டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் அங்கே பந்து கூடுதல் தூரம் பறக்கும். ஆனால் டென்வருக்கு அப்போது போகவே போகாத அமெரிக்கன் லீக்கிலும் 4.32 என்பது 4.71 ஆனது. அந்த லீக்கின் அணிகளும் புது அணிகளுக்கு வீரர்களைப் பறிகொடுத்தன என்பது உண்மைதான். ஆயினும் 1994இல் எந்த அணியும் சேராமலே மொத்தச் சராசரி 4.92க்கு ஏறியதை விரிவாக்கத்தின் கணக்கில் எழுத முடியாது. 1998இல் அரிசோனாவும் டாம்பா பேயும் சேர்ந்தபோது 4.77 என்பது 4.79 ஆனது. மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 என்று ஹோம் ரன் மழை பெய்த ஆண்டில் லீக்கின் சராசரி அசையவே இல்லை எனலாம். அதற்கு முந்தைய ஆண்டிலேயே மெக்வயர் 58 அடித்திருந்தார். ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2010இல் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ரன் ஏறுவதும் இறங்குவதும் மேட்டின் உயரம், பந்து, மைதானம், நடுவர் ஏற்கும் பரப்பு, வீரர்களின் உடல்பலம் ஆகியவற்றுக்குத்தான் அதிகம் கட்டுப்படுகிறது என்று தெரியும். விரிவாக்கத்தின் தடத்தை ரன் கணக்கில் தேடுபவர் பெரும்பாலும் வேறொன்றின் தடத்தைத்தான் கண்டெடுப்பார்.

வேலைகள் எத்தனை, ஆட்கள் எத்தனை

திறன் நீர்த்துப்போகிறதா என்பதற்கு, இருக்கும் இடங்களையும் அவற்றுக்குப் போட்டியிடும் மக்கள்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 1901 முதல் 1960 வரை மேஜர் லீக்கில் 16 அணிகள். அணிக்கு 25 பேர் என்று கொண்டால் 400 இடங்கள். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகை 7.6 கோடி. கறுப்பின மக்களுக்கு லீக்கின் கதவு சாத்தப்பட்டிருந்ததால் அவர்களைக் கழித்தால் ஏறத்தாழ 6.7 கோடி. ஓர் இடத்துக்கு 1.67 லட்சம் பேர்.

1960இல் மக்கள்தொகை 17.9 கோடி. இடங்கள் அதே 400. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கியதிலிருந்து கறுப்பின வீரர்களுக்கும் கதவு திறந்துவிட்டது. 1959இல் கடைசி அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸும் வழிக்கு வந்தது. ஓர் இடத்துக்கு 4.48 லட்சம் பேர். அறுபது ஆண்டுகளில் போட்டி இரண்டரை மடங்குக்கு மேல் இறுகியிருந்தது. மேஜர் லீக் தரத்தில் ஆடத் தகுதியிருந்தும் மைனர் லீக்கிலேயே வயது கழிந்தவர்கள் ஏராளம். 1961இன் விரிவாக்கம் இந்தத் தேக்கத்தைத்தான் உடைத்தது.

1969 முடிவில் 24 அணிகள், 600 இடங்கள். 1970இன் மக்கள்தொகை 20.3 கோடி. ஓர் இடத்துக்கு 3.39 லட்சம் பேர். பத்தே ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கு தளர்வு. இதைத் திறன் நீர்த்தல் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தளர்ந்த நிலையும் 1900ஆம் ஆண்டின் நிலையைவிட ஏறத்தாழ இரு மடங்கு இறுக்கமானது.

இன்று 30 அணிகள். அணிக்கு 26 பேராக 780 இடங்கள். அவற்றில் 28 விழுக்காடு அளவுக்கு வெளிநாட்டில் பிறந்தவர்கள். டொமினிகன் குடியரசு என்ற சிறு தீவு நாட்டிலிருந்து மட்டும் பருவத் தொடக்கப் பட்டியலில் நூறு பேர் அளவுக்கு இடம்பெறுகிறார்கள்; வெனிசுவேலா, கியூபா, ஜப்பான், தென்கொரியா என்று வரிசை நீள்கிறது. மீதமுள்ள 560 இடங்களுக்கு 33.1 கோடி அமெரிக்கர்கள். ஓர் இடத்துக்கு 5.9 லட்சம் பேர். ஐந்து முறை லீக்கை விரித்த பின்னும் போட்டி 1960இல் இருந்ததைவிடக் கடுமையாகத்தான் இருக்கிறது.

மக்கள்தொகை எல்லாம் ஆட்டக்காரர்கள் ஆகிவிடுவதில்லை. அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் உடல்வாகு மிக்க இளைஞர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. 1981இல் மேஜர் லீக்கில் 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்த அமெரிக்கக் கறுப்பின வீரர்களின் பங்கு இப்போது 6 விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிட்டது. திறன் குறைவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். இரண்டு புது அணிகள் சேர்வதால் கூடும் இடங்கள் ஐம்பத்து சொச்சம். பேஸ்பாலை விட்டு நகர்ந்துபோன ஒரு சமூகத்தின் இழப்பு அதைவிடப் பெரியது.

பந்துவீச்சாளர் தட்டுப்பாடு என்ற புகாருக்கும் விரிவாக்கத்தைவிட வலுவான காரணம் இருக்கிறது. 1960களில் ஓர் அணி பத்துப் பந்துவீச்சாளர்களோடு பருவத்தை ஓட்டியது. இப்போது 13 பேர் வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் போகக்கூடாது என்று விதியே போட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு பந்துவீச்சு மங்கவில்லை. 1961இல் ஓர் அணியின் மட்டையாளர்கள் ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து முறை மூன்று வீச்சும் தவறி வெளியேறினார்கள். இன்று எட்டு முறைக்கு மேல். நீர்த்துப்போன பந்துவீச்சு இப்படி வீழ்த்தாது.

சராசரி அசையாது, விளிம்பு அசையும்

விரிவாக்கத்தின் உண்மையான அடையாளம் எங்கே தெரியும் என்பதற்கு, பேஸ்பால் பித்தரான தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் ஒரு கருவியைத் தந்தார். 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 சராசரியில் அடித்த பிறகு யாரும் ஒரு பருவம் முழுக்க .400ஐத் தொடவில்லை. அந்தக் கால வீரர்கள் பெரியவர்கள், இந்தக் காலத்தவர்கள் சிறியவர்கள் என்பதே பொதுவான விளக்கம். கூல்ட் அதைத் தலைகீழாக்கினார். மனித உடலால் முடிந்ததற்கு ஓர் எல்லை உண்டு. ஆட்டம் முதிர முதிர எல்லாரும் அந்த எல்லைக்கு அருகே நெருங்கி வருகிறார்கள். சராசரி வீரரின் தரம் உயர்வதால் சிறந்தவருக்கும் சாதாரணமானவருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. .400 மறைந்தது ஆட்டம் மேம்பட்டதன் அறிகுறி.

இதை விரிவாக்கத்தோடு பொருத்திப் பார்க்கலாம். புது அணிகள் வரும்போது கீழ்மட்டத்தில் தரம் குறைந்தவர்கள் சேர்கிறார்கள். நடுமட்டம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இடைவெளி சில காலம் அகல்கிறது. மிகச் சிறந்தவர்கள் மேலும் சிறந்தவர்களாகத் தெரிகிறார்கள். 1961இல் நார்ம் கேஷ் .361, 1977இல் ராட் கேரு .388, 1993இல் ஆந்த்ரேஸ் கலராகா .370 என்று விரிவாக்க ஆண்டுகளில் தனிமனித உச்சங்கள் தென்படுவதற்கு இதில் ஒரு பங்கு இருக்கலாம். பங்கு என்றுதான் சொல்லலாம். முழுக் காரணம் என்று சொல்ல 1927இன் ரூத்தும் 2001இல் 73 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸும் இடம் தர மாட்டார்கள்.

தனிமனிதச் சாதனைகளில் மங்கலாகத் தெரியும் இந்த அகலல், அணிகளின் வெற்றிப் பட்டியலில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

வெற்றிப் பட்டியலின் சாட்சியம்

ஒரு லீக்கில் எல்லா அணிகளும் சம பலம் என்று வைத்துக்கொண்டாலும் அதிர்ஷ்டத்தால் வெற்றிகள் கூடும், குறையும். 162 ஆட்டப் பருவத்தில் அந்தச் சிதறலின் திட்ட விலக்கம் 6.4 வெற்றி. உண்மையான சிதறல் அதைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து லீக்கின் சமநிலையை அளக்கும் முறையைப் பொருளியலாளர்கள் ரோஜர் நால், ஜெரால்டு ஸ்கல்லி ஆகியோரின் பெயரால் அழைக்கிறார்கள். ஒன்றுக்கு அருகே இருந்தால் சமநிலை. ஏற ஏற ஏற்றத்தாழ்வு.

நேஷனல் லீக்கின் 1968ஆம் ஆண்டுப் பட்டியலைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பத்து அணிகள், உச்சத்தில் செயின்ட் லூயிஸ் 97 வெற்றி, அடியில் ஹூஸ்டன் 72. திட்ட விலக்கம் 7.2, அதாவது 1.1 மடங்கு. கிட்டத்தட்ட முழுச் சமநிலை. மறு ஆண்டு மான்ட்ரியல் எக்ஸ்போஸும் சான் டியேகோ பாட்ரேஸும் சேர்ந்தன. இரண்டுமே 52 வெற்றி, 110 தோல்வி. திட்ட விலக்கம் 15.5க்குத் தாவியது, 2.4 மடங்கு. ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் சமநிலை குலைந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1973இல், அது 9.8க்குத் தணிந்திருந்தது. எக்ஸ்போஸ் 79 வெற்றிகள் எடுத்துத் தன் பிரிவின் முதல் இடத்துக்கு மூன்றரை ஆட்ட தூரத்தில் முடித்தது. பாட்ரேஸ் மட்டும் 60 வெற்றிகளோடு தள்ளாடியது.

இதற்கு முந்தைய விரிவாக்கத்தில் ஓர் அணியை மட்டும் உற்றுப் பார்க்கலாம். ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 1961இல் 47 ஆட்டங்களில் வென்று 107இல் தோற்றது. தொடர்ச்சியாக 23 தோல்விகளும் அந்த ஆண்டில்தான். 1962இல் அதே அணி 81 வெற்றி, 80 தோல்வி. பார்வைக்கு மகத்தான மீட்சி. பிரித்துப் பார்த்தால், புது அணியான ஹூஸ்டனோடு 17 வெற்றி, 1 தோல்வி. இன்னொரு புது அணியான நியூயார்க் மெட்ஸோடு 14 வெற்றி, 4 தோல்வி. பழைய ஏழு அணிகளோடு 50 வெற்றி, 75 தோல்வி. முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் தேறியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பழைய அணிகளுக்கு எதிரே அவர்கள் இன்னமும் பத்தில் நான்கு மட்டுமே வெல்லும் அணி. மீதியைப் புது அணிகளின் தோல்விகள் நிரப்பின. விரிவாக்கம் இப்படித்தான் செயல்படுகிறது: அடியில் இரண்டு பலவீனமான அணிகளை வைத்து, மற்ற எல்லாரையும் ஒரு படி மேலே ஏற்றிக் காட்டுகிறது.

இதை வைத்து 16 அணிகளின் காலத்தைச் சமநிலையின் பொற்காலம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 1949 முதல் 1964 வரையிலான 16 ஆண்டுகளில் 14 முறை அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றது யாங்கீஸ். விரிவாக்கத்துக்கு முந்தைய 1960இலேயே அந்த லீக்கின் சிதறல் சம பலக் கணக்கைப் போல இரு மடங்கு. எட்டே அணிகள் இருந்தபோதும் திறன் ஓரிடத்தில்தான் குவிந்து கிடந்தது.

விதியை எழுதியவர்கள் யார்

புது அணிகள் பலவீனமாகப் பிறப்பதற்குக் காரணம் நாட்டில் வீரர்கள் இல்லாதது என்று நினைத்தால் தவறு. பழைய அணிகளின் உரிமையாளர்கள் எழுதிய விதிகளே காரணம். புது அணி தன் ஆட்களைப் பெறுவது விரிவாக்கத் தேர்வு என்ற ஏற்பாட்டின் வழியாக. பழைய அணி ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியவர்களைக் காப்புப் பட்டியலில் வைத்துக்கொண்டு, மீதிப் பேரை முன்வைக்கும். அவர்களிலிருந்து புது அணி விலை கொடுத்து எடுக்க வேண்டும். 1961இன் அமெரிக்கன் லீக் புது அணிகள் ஒரு வீரருக்கு 75,000 டாலர் வீதம் தலா 28 பேரை வாங்கின. 1969இல் விலை 1,75,000 டாலர். பழைய அணிகள் ஆளுக்கு 15 பேரைக் காப்பாற்றிக்கொண்ட பிறகே தேர்வு தொடங்கியது. அணியின் இதயம் போன்ற வீரர்கள் எல்லாரும் அந்தப் பதினைந்துக்குள் அடக்கம்.

இந்த ஏற்பாட்டின் முழு விளைச்சல் 1962இன் மெட்ஸ். கில் ஹாட்ஜஸ், ரிச்சி ஆஷ்பர்ன் போல நியூயார்க் ரசிகர்களுக்குப் பெயர் தெரிந்த, வயதேறிய வீரர்களைச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் ஒன்பது ஆட்டங்கள் வரிசையாகத் தோல்வி. முடிவில் 40 வெற்றி, 120 தோல்வி. ரோஜர் கிரெய்க் 24 ஆட்டங்களிலும் ஆல் ஜாக்சன் 20 ஆட்டங்களிலும் தோல்வியைச் சுமந்தார்கள். ஏழே ஆண்டுகளில், 1969இல், அதே மெட்ஸ் உலகத் தொடரை வென்றது. அந்த வெற்றியைத் தந்த டாம் சீவர், ஜெரி கூஸ்மன், நோலன் ரயன் ஆகிய பந்துவீச்சாளர்களில் ஒருவரும் விரிவாக்கத் தேர்வில் வந்தவர் இல்லை. மூவரும் புதுமுகங்களாக வந்து அணியின் சொந்த மைனர் லீக்கில் வளர்ந்தவர்கள். பணக்கார அணி விரும்பிய இளைஞனை விரும்பிய விலைக்கு அள்ளிக்கொள்ள முடியாதபடி, தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்ற விதியோடு புதுமுக வீரர் தேர்வு 1965இல் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

ஒரே ஆண்டில் பிறந்த அணிகளை ஒப்பிட்டாலும் இதே பாடம்தான். 1969இல் பிறந்த கான்சஸ் சிட்டி ராயல்ஸ் மூன்றாம் பருவத்திலேயே தோல்வியைவிட வெற்றி அதிகம் கண்டது. ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் தனிப் பயிற்சிக் கழகம் நடத்தி, ஃபிராங்க் ஒயிட் போன்றவர்களை உருவாக்கியது. உடன்பிறந்த பாட்ரேஸுக்கு வெற்றி அதிகமான பருவம் 1978 வரை வாய்க்கவில்லை. 1977இல் பிறந்த டொரோண்டோ புளூ ஜேஸ் 1992, 1993 இரண்டு ஆண்டும் உலகத் தொடரை வென்றது. அதே ஆண்டில் பிறந்த சியாட்டில் மரைனர்ஸ் 2025 வரை ஒருமுறைகூட உலகத் தொடரை எட்டவில்லை. அவர்கள் பிறந்தபோது நாட்டில் இருந்த திறன் ஒன்றுதான். அதைத் தேடிய விதமும் வளர்த்த பொறுமையும் வேறு.

1975 டிசம்பரில் தொழில் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் வழங்கிய தீர்ப்பால், ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை பெற்றார். அதன் பிறகு புது அணிகளுக்கு இன்னொரு குறுக்குவழி கிடைத்தது. மார்லின்ஸ் பணத்தைக் கொட்டி ஐந்தாம் பருவமான 1997இல் உலகத் தொடரை வென்றது. வென்ற கையோடு வீரர்களை விற்றுத் தீர்த்து 1998இல் 108 ஆட்டங்களில் தோற்றது. அரிசோனா ரான்டி ஜான்சனை வரவழைத்து இரண்டாம் பருவத்தில் 100 ஆட்டங்களை வென்றது; கர்ட் ஷில்லிங்கும் சேர்ந்த பிறகு நான்காம் பருவமான 2001இல் உலகத் தொடரைத் தட்டிச் சென்றது. 1961இல் பிறந்த செனட்டர்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸாக மாறிப் பருவ இறுதிச் சுற்றை முதல்முறை எட்டியது 1996இல், தன் 36ஆம் பருவத்தில். ராக்கீஸுக்கு அதற்கு மூன்று பருவம் போதுமாயிருந்தது. இடையில் மாறியவை விதிகளும் இறுதிச் சுற்றின் அளவும்தான்.

ஐஸ் ஹாக்கியில் 2017இல் வந்த வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணிக்கு, 50 கோடி டாலர் நுழைவுக் கட்டணத்துக்கு ஈடாகத் தாராளமான தேர்வு விதிகளை அந்த லீக் வகுத்தது. முதல் பருவத்திலேயே அது ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடருக்குப் போனது. புது அணி பலவீனமாகத்தான் பிறக்க வேண்டும் என்று இயற்கை விதி எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்த இரண்டு அணிகள்

மேஜர் லீக் 32 அணிகளாக விரிய வேண்டும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. 2029 ஜனவரியில் பதவி முடியுமுன் நகரங்களைத் தேர்ந்துவிட விரும்புவதாக ஆணையர் ராப் மான்ஃபிரெட் சொல்லியிருக்கிறார். நாஷ்வில், சால்ட் லேக் சிட்டி, போர்ட்லண்ட் போன்ற ஊர்களின் பெயர்கள் அடிபடுகின்றன. திறன் நீர்த்துவிடும் என்ற பழைய எச்சரிக்கை மறுபடியும் எழும். 30 அணிகள் 32 ஆவது என்பது வேலைகளில் 7 விழுக்காட்டுக்கும் குறைவான கூடுதல். 1961இன் 25 விழுக்காட்டையே தாங்கிய ஆட்டத்துக்கு இது பெரிய பாரம் இல்லை.

கவலைப்பட வேண்டியவை வேறு. 2021இல் மேஜர் லீக் தன்னோடு இணைந்த மைனர் லீக் அணிகளை 160 அளவிலிருந்து 120 ஆக வெட்டியது. நாற்பது சுற்றுகள் நடந்த புதுமுகத் தேர்வு இருபதாகச் சுருங்கியது. சம்பள உச்சவரம்பு இல்லாத லீக்கில் பெரிய நகரங்களுக்கும் சிறிய நகரங்களுக்கும் இடையே பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. வீரர் சந்தையைப் பற்றி 1956இல் எழுதிய பொருளியலாளர் சைமன் ராட்டன்பர்க், விதி எப்படியிருந்தாலும் திறன் தனக்கு அதிக மதிப்புக் கிடைக்கும் இடத்துக்கே நகரும் என்றார். அப்படியானால் சமநிலையை விரும்பும் லீக், வருவாயைப் பகிர்வதையும் புதிய திறனை வளர்ப்பதையும் விட்டுவிட்டு அணிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

1962 மெட்ஸின் 120 தோல்விகளை நவீனப் பேஸ்பாலின் அடிமட்டம் என்று அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2024இல் அந்த எண் தாண்டப்பட்டது: 41 வெற்றி, 121 தோல்வி. கடைசி விரிவாக்கம் நடந்து 26 ஆண்டுகள் கழிந்திருந்தன. தோற்றதோ லீக்கைத் தோற்றுவித்த அணிகளில் ஒன்றான சிகாகோ ஒயிட் சாக்ஸ்.

ஆகவே விரிவாக்கம் திறன் சமநிலையைக் குலைக்கிறதா என்ற கேள்விக்கு என் விடை இது. குலைக்கிறது, நான்கைந்து ஆண்டுகளுக்கு, வெற்றிப் பட்டியலின் அடிப்பக்கத்தில். அதற்கு மேல் நீடித்தால் அது பழைய உரிமையாளர்களின் காப்புப் பட்டியலும் புது உரிமையாளர்களின் பொறுமையின்மையும் செய்த வேலை. இரண்டையும் சீராக்க முடியும். காப்புப் பட்டியலைச் சுருக்கட்டும். புதுமுகத் தேர்வில் புது அணிகளுக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கட்டும். 1992இல் ராக்கீஸையும் மார்லின்ஸையும் சுற்றின் கடைசியில் நிறுத்தியதுபோல் நிறுத்த வேண்டாம். பழைய அணிகள் பங்கிட்டுக்கொள்ளப்போகும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை, மூடிய மைனர் லீக் மைதானங்களைத் திறக்கவும் கறுப்பினச் சிறுவர்களிடம் ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுசேர்க்கவும் ஒதுக்கட்டும். இவற்றைச் செய்துவிட்டு 32 என்ன, அதற்கு மேலும் போகலாம். செய்யாவிட்டால் 30 அணிகளிலும் சமநிலை கிடைக்காது.